இரண்டு சொல்லுக்கு இருபது நாள் கொடுத்தேன்

பள்ளியிலும் கல்லூரியிலுமாகப் பதினைந்து ஆண்டுகள் ஆங்கிலம் படித்தவள் நான். செய்வினை வாக்கியத்தைக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு செயப்பாட்டுவினையாக மாற்றுவேன். பன்னிரண்டு காலங்களையும் வரிசை தப்பாமல் ஒப்பிப்பேன். அப்படிப்பட்ட என்னிடமிருந்து, சிறு பிள்ளைகூடப் பொருள் சொல்லிவிடக்கூடிய ‘ஹோல்ட்’, ‘கால்’ என்ற இரண்டு சொற்கள் இருபது நாள் உழைப்பையும் ஒரு நல்ல வாடிக்கையாளரையும் பறித்துக்கொண்டு போயின. அறியாத சொல்லாக இருந்திருந்தால் அகராதியைப் புரட்டியிருப்பேன். அறிந்த சொல் என்று நினைத்ததால் புரட்டவில்லை. இதை யாரேனும் முன்பே எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று பல நாள் அங்கலாய்த்தேன். அதனால்தான் வெட்கத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன்.

கருவிகளோடு வரும் பயனர் கையேடுகளுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். வீட்டிலிருந்து தனியாகவே செய்கிறேன். ஐயம் வந்தால் எட்டிக் கேட்பதற்குப் பக்கத்து இருக்கை கிடையாது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ஒரு கையேட்டை இரண்டு பகுதிகளாகக் கொடுத்திருந்தது. முதல் பகுதியை முடித்து அனுப்பிய மறுநாள் மூன்று வரியில் பதில் வந்தது: ‘தேங்க்ஸ் ஃபார் பார்ட் ஒன். ப்ளீஸ் ஹோல்ட் ஆஃப் ஆன் பார்ட் டூ அன்டில் வி கெட் பேக் டு யூ. வி மே ஹேவ் டு கால் இட் ஆஃப்.’ நான் இதை எப்படிப் படித்தேன் என்பதை அப்படியே சொல்கிறேன். ‘ஹோல்ட்’ என்றால் பிடித்துக்கொள். ஆகவே இரண்டாம் பகுதியைக் கையில் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ‘கெட் பேக்’ என்றால் திரும்பி வருவார்கள். ‘கால்’ என்றால் அழைப்பது. ஆகவே இது பற்றித் தொலைபேசியில் அழைக்க வேண்டியிருக்கலாம். வரிக்கு ஒன்றாக நின்ற இரண்டு ‘ஆஃப்’களையும் என் கண் பார்த்தது, மனம் அவற்றை வெறும் அசைச்சொற்களாகத் தள்ளிவிட்டு மேலே போய்விட்டது.

அவர்கள் அழைப்பதற்குள் முடித்துக் கொடுத்தால் நல்ல பெயர் கிடைக்கும் என்று இரவு பகலாக உட்கார்ந்தேன். கைப்பேசியைக் குளியலறை வாசல்வரை எடுத்துச் சென்று அழைப்புக்காகக் காத்திருந்தேன். படங்களைத் திருத்த ஓவியர் ஒருவரை அமர்த்தி என் கையிலிருந்து பணம் கொடுத்தேன். வந்த வேறொரு சிறு வேலையையும் நேரமில்லை என்று மறுத்தேன். இருபதாம் நாள் 140 பக்கங்களையும் பெருமையோடு அனுப்பிவைத்தேன். வந்த பதிலில், இந்தத் திட்டம் ‘ஹேஸ் ஃபாலன் த்ரூ’ என்றும், ‘வி டிட் ஆஸ்க் யூ டு ஹோல்ட் ஆஃப்’ என்றும் இருந்தது. ‘த்ரூ’ என்பதை ‘முழுவதும்’ என்று எடுத்துக்கொண்டு, திட்டம் முழுமையடைந்துவிட்டது போலும் என்று சற்று நேரம் மகிழ்ந்திருந்தேன் என்பதை இப்போது எழுதும்போதும் முகம் சுடுகிறது. ஆனால் இரண்டாவது வாக்கியத்தின் தொனி ஏதோ சரியில்லை என்று பட்டது. முன்பு என்னோடு வேலை பார்த்த தோழியைத் தொலைபேசியில் அழைத்து இரண்டு கடிதங்களையும் படித்துக் காட்டினேன். “அடிப்பாவி, இரண்டாம் பகுதியைத் தொடவே வேண்டாம்னுதானே எழுதியிருக்காங்க! வேலையே ரத்தாகலாம்னு வேற சொல்லியிருக்காங்க. நீ பாட்டுக்கு முடிச்சு அனுப்பிட்டியா?” என்றாள். ‘ஹோல்ட் ஆஃப்’ என்றால் இப்போதைக்குத் தொடங்காமல் பொறுத்திருத்தல். ‘கால் ஆஃப்’ என்றால் ரத்துசெய்தல். ‘ஃபால் த்ரூ’ என்றால் நடக்கவிருந்தது நடக்காமலே போய்விடுதல்.

இத்தோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரிவோடு ஒரு பகுதித் தொகையாவது கொடுத்திருப்பார்களோ என்னவோ. நான்தான் விளக்கம் எழுதப் புறப்பட்டேன். அவர்களுடைய கடிதத்தை மறுபடி ஒருமுறை நன்றாகப் படித்துப் பார்த்தேன் என்று சொல்ல நினைத்து, ‘ஐ ஹேவ் ஓவர்லுக்ட் யுவர் மெயில்’ என்று எழுதினேன். ‘லுக் ஓவர்’ என்றால் ஒருமுறை பார்வையிடுதல். ‘ஓவர்லுக்’ என்றால் கவனிக்காமல் விட்டுவிடுதல். அதே இரண்டு சொற்களை இடம் மாற்றி ஒட்டியதில் பொருள் தலைகீழாகிவிட்டது. உங்கள் கடிதத்தை நான் கவனிக்கவில்லை என்று கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டதாகவே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அப்படியானால் இழப்புக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று மரியாதையாக ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு அங்கிருந்து வேலை வரவே இல்லை. கணக்குப் பார்த்தால், ஓவியருக்குக் கொடுத்ததும் மறுத்துவிட்ட வேலையும் சேர்த்து ஒரு மாத வருமானத்துக்கு மேல் போயிற்று.

இந்த இடத்தில் முதல் யோசனையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கு இலக்கண அறிவே தேவையில்லை. வேலை, பணம், தேதி ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொடும் வாக்கியத்தில், எளிய வினைச்சொல்லுக்குப் பின்னால் ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’, ‘ஓவர்’ போன்ற குட்டிச்சொல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால், நான் புரிந்துகொண்டது இதுதான் என்று நமக்குத் தெரிந்த வெறும் சொற்களில் திருப்பி எழுதிக் கேட்டுவிட வேண்டும். ‘நான் இன்றே இரண்டாம் பகுதியைத் தொடங்குகிறேன், சரிதானே?’ என்று ஒரு வரி எழுதியிருந்தால், அடுத்த அரை மணி நேரத்தில் என் இருபது நாளும் பிழைத்திருக்கும். அப்படிக் கேட்டால் ஆங்கிலம் தெரியாதவள் என்று நினைப்பார்கள் என்ற பயம்தான் என்னைத் தடுத்தது. பின்னால்தான் தெரிந்தது, அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே வேலைக் கடிதங்களில் இப்படித்தான் உறுதிசெய்துகொள்கிறார்கள்.

பிறகு ரோஷம் வந்து படிக்க உட்கார்ந்தேன். அதிலும் நான்கு மாதங்கள் வீணாயின. ஃப்ரேசல் வெர்ப் என்று இவற்றுக்குப் பெயர் என அறிந்து, அகர வரிசையில் அடுக்கிய நீண்ட பட்டியல் ஒன்றைப் பதிவிறக்கி, நாளுக்கு முப்பது என்று உருப்போட்டேன். ‘கெட் அப்’, ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’, ‘கெட் ஓவர்’, ‘கெட் பை’, ‘கெட் த்ரூ’, ‘கெட் அலாங்’ என்று ஒரே முகச்சாடையில் ஒரு கூட்டமே வரிசையாக வந்து நின்றால் யார் யாரென்று எப்படி நினைவிருக்கும்? காலையில் படித்த ‘கெட் ஓவர்’ மாலையில் ‘கெட் பை’யாகிவிடும். நோயிலிருந்தோ துயரத்திலிருந்தோ மீள்வது முன்னது. இருப்பதை வைத்துக்கொண்டு சமாளிப்பது பின்னது. ஒரு வினையை எடுத்து அதன் பிள்ளை குட்டிகளையெல்லாம் ஒரே நாளில் படிக்கும் முறை, தேர்வுக்கு முந்தைய இரவுக்குக்கூடப் பயன்படாது என்பதே என் முடிவு. இதற்கு எதிர்க்கருத்து உடையவர்கள் இருக்கலாம். அவர்களுடைய நினைவாற்றலை வணங்குகிறேன்.

அந்த நாட்களில் ஓர் ஆறுதல் கிடைத்தது. 1755இல் தம்முடைய பெரிய ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வினையோடு சிறு சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் இந்த வழக்கம்தான் அயல்நாட்டவருக்கு மிகப் பெரிய தொல்லை தருவது என்று அதன் முன்னுரையிலேயே குறித்திருக்கிறார். அதற்கு நீண்ட காலத்துக்குப் பிறகு, 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர்தான் ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயரை எழுத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அந்தப் பெயர் தமக்கு அகராதி ஆசிரியர் ஹென்றி பிராட்லி சொன்னது என்றும் அவரே எழுதினார். பெயர் வைப்பதற்கு முன்பே தொல்லை இருந்திருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

உண்மையில் திருப்பம் தந்தது ஆங்கிலம் இல்லை, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என் மேசையில் விட்டுச்சென்ற தமிழ்ப் பாடக் குறிப்பு. கூட்டுவினை என்ற தலைப்பில், ‘கண்டுபிடி’ என்பது வினையும் வினையும் சேர்ந்தது, ‘முன்னேறு’ என்பது இடைச்சொல்லும் வினையும் சேர்ந்தது என்று எழுதியிருந்தாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காண்பதற்கும் பிடிப்பதற்கும் ‘கண்டுபிடி’ப்பதற்கும் என்ன ஒட்டு? காட்டுவதும் கொடுப்பதும் நல்ல செயல்கள்தாம். இரண்டும் சேர்ந்து ‘காட்டிக்கொடு’ ஆனால் துரோகம். விடுவதும் கொடுப்பதும் சேர்ந்தால் ‘விட்டுக்கொடு’. போடுவதும் கொடுப்பதும் சேர்ந்தால் ‘போட்டுக்கொடு’. தமிழை வெளியிலிருந்து கற்க வருகிற ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய கொடுமை! ஆனால் நமக்கு யாரும் பிரித்துச் சொல்லித்தரவில்லை. நாமும் பிரித்துப் பார்த்ததில்லை. ‘பின்பற்று’ என்று கேட்டவுடன் எதையோ பின்னாலிருந்து பற்றுவதாக ஒருபோதும் நினைத்ததில்லை. அது ஒரே சொல்லாகக் காதில் விழுந்தது, ஒரே சொல்லாகவே மனத்தில் தங்கியது.

அன்று முதல் என் குறிப்பேட்டில், இடப்பக்கம் உண்மையில் யாரோ எழுதிய அல்லது பேசிய முழு ஆங்கில வாக்கியத்தையும், வலப்பக்கம் அதற்கு ஈடான தமிழ் வினையையும் எழுதத் தொடங்கினேன். ஈடு கிடைத்தபோதெல்லாம் பெரும்பாலும் அது கூட்டுவினையாகவே இருந்தது. ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு. ‘கிவ் இன்’ என்றால் விட்டுக்கொடு. ‘கிவ் அப்’ என்றால் கைவிடு. ‘கிவ் அவே’க்கு உள்ள பொருள்களில் ஒன்று காட்டிக்கொடு. ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பார்த்துக்கொள். இதில் ‘லுக்’குக்கு ஈடாகப் ‘பார்’ கூட அப்படியே வந்து நிற்கிறது. ‘ஃபைண்ட் அவுட்’ என்றால் கண்டுபிடி. ‘லெட் டவுன்’ என்றால் நம்பியவரின் காலை வாரிவிடு. பட்டியலில் நான்கு மாதம் தங்காதவை இந்தப் பக்கத்தில் நான்கு நாளில் தங்கின. தனிச்சொல்லாக ஒருபோதும் எழுதிக்கொள்ளாதீர்கள். வாக்கியத்தோடு எழுதினால்தான் யார் எதைச் செய்தார், அடுத்து என்ன சொல் வரும் என்பதும் கூடவே வரும். ‘ரன் அவுட்’ என்று எழுதினால் எதுவும் விளங்காது. ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் பேப்பர்’ என்று எழுதினால், காகிதம் தீர்ந்துபோயிற்று என்ற பொருளோடு ‘ஆஃப்’ என்ற ஒட்டும் நினைவில் நிற்கும்.

தமிழ் கைகொடுக்கும் என்று சொன்ன நானே, அது குழியிலும் தள்ளும் என்பதையும் சொல்ல வேண்டும். ‘ஆஃப்’ என்ற சொல்லை நாம் எப்போதோ தமிழாக்கிக்கொண்டுவிட்டோம். நமக்கு அது நின்றுபோவது, அணைந்துபோவது. ‘தி அலாரம் வென்ட் ஆஃப் அட் ஃபைவ்’ என்று ஒருவர் சொன்னால், ஐந்து மணிக்கு அலாரம் நின்றுவிட்டது என்றே நம் காது கேட்கும். ஐந்து மணிக்கு அலாரம் அடித்தது என்பதே அதன் பொருள். விளக்கு ‘வென்ட் ஆஃப்’ என்றால் அணைந்தது. பால் ‘வென்ட் ஆஃப்’ என்றால் கெட்டுப்போயிற்று. வெடி ‘வென்ட் ஆஃப்’ என்றால் வெடித்தது. ஒரே ஜோடி, நான்கு வேலை. எழுவாய் யாரென்று பார்த்தால்தான் வினை என்னவென்று தெரியும். அதேபோல் ‘மேக்கப்’, ‘செட்டப்’, ‘பிக்கப்’ ஆகியவற்றைப் பெயர்ச்சொல்லாக வாங்கிப் ‘பண்ணு’ சேர்த்துப் புழங்குகிறோம். நம் ‘மேக்கப்’ முகத்துக்கு மட்டும்தான். ஆங்கிலத்தில் ‘ஹி மேட் இட் அப்’ என்றால் அவன் கதை கட்டிவிட்டான். ‘தே மேட் அப்’ என்றால் சண்டை தீர்ந்து சமாதானமாகிவிட்டார்கள். ‘மேக் அப் ஃபார்’ என்றால் இழந்ததை ஈடுசெய்வது. கல்லூரி முடித்ததைப் ‘பாஸ்ட் அவுட்’ என்று நம் தற்குறிப்புகளில் எழுதுகிறோமே, அதை வெளிநாட்டவர் படித்தால் மயங்கி விழுந்ததாகத்தான் முதலில் நினைப்பார். ‘கோப் அப் வித்’ என்று எழுதுவதும் நம்மிடம் பரவலான பிழை. ‘கோப் வித்’ போதும், அங்கே ‘அப்’புக்கு வேலையே இல்லை. படித்து முடித்தபின் சிலருக்கு எல்லா வினைக்கும் ஒரு வால் ஒட்டும் ஆசை வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது.

குட்டிச்சொற்களுக்குத் தனியாக ஏதும் பொருள் உண்டா என்று கேட்டால், ஓரளவுக்கு உண்டு. ‘யூஸ் அப்’, ‘ஃபில் அப்’, ‘ஈட் அப்’ என்பவற்றில் ‘அப்’ செயல் முழுவதும் முடிந்ததைக் காட்டுகிறது. தின்றுதீர்த்தான் என்பதில் ‘தீர்’ செய்யும் வேலை அது. ‘கேரி ஆன்’, ‘கீப் ஆன்’ ஆகியவற்றில் ‘ஆன்’ தொடர்ச்சியைக் காட்டும். ‘ஸ்லோ டவுன்’, ‘கட் டவுன்’ ஆகியவற்றில் ‘டவுன்’ குறைவைக் காட்டும். ஊகிப்பதற்கு இது உதவும், முடிவெடுப்பதற்கு உதவாது. ஏனென்றால் ‘டர்ன் டவுன்’ என்பது ஒலியைக் குறைப்பதாகவும் இருக்கலாம், நீங்கள் கொடுத்த விலைப்புள்ளியை மறுப்பதாகவும் இருக்கலாம்.

இன்னொன்று, சொற்கள் நிற்கும் இடம். என்னை ஏமாற்றிய வரியை மறுபடி பாருங்கள்: ‘கால் இட் ஆஃப்’. நடுவில் ஓர் ‘இட்’ புகுந்து ஜோடியைப் பிரித்துவிட்டதால்தான் ‘கால்’ மட்டும் என் கண்ணில் தனியாகப் பட்டது. பிரியக்கூடிய ஜோடிகளில் ‘டர்ன் ஆஃப் தி லைட்’, ‘டர்ன் தி லைட் ஆஃப்’ இரண்டும் சரி. ஆனால் விளக்குக்குப் பதிலாக ‘இட்’ வந்தால் ‘டர்ன் இட் ஆஃப்’ மட்டுமே சரி, ‘டர்ன் ஆஃப் இட்’ தவறு. ‘லுக் ஆஃப்டர்’ போன்றவை பிரியவே பிரியா. ‘புட் அப் வித்’, ‘லுக் ஃபார்வர்ட் டு’ போன்ற மும்மணிகளும் பிரியா. பின்னதற்குப் பின் வினை வந்தால் ‘இங்’ வடிவில்தான் வரும், ஆகவே ‘லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங்’. நான் பத்து ஆண்டுகளாக ‘டு ஹியர்’ என்று எழுதி அனுப்பிய கடிதங்களை நினைத்தால் திரும்பப் பெற்றுக்கொள்ள முடியாதா என்றிருக்கிறது. பேச்சில் இது இன்னும் கடினம்: ‘செக் இட் அவுட்’ என்பது ‘செக்கிட்டவுட்’ என்று ஒரே மூச்சில் வரும். ஆனால் இத்தகைய ஜோடிகளில் அழுத்தம் பெரும்பாலும் கடைசிக் குட்டிச்சொல்லின் மேல் விழும் என்பதால், வால் எங்கே அடிக்கிறது என்று காதை அங்கே வைத்துக் கேட்டால் பிடிபட்டுவிடும்.

எல்லாவற்றையும் நாமும் பேசியே தீர வேண்டுமா என்றால், வேண்டியதில்லை என்பேன். ‘போஸ்ட்போன்’, ‘கேன்சல்’, ‘டாலரேட்’, ‘இன்வெஸ்டிகேட்’ என்று பள்ளியில் படித்த சொற்கள் நம்மிடம் தயாராக இருக்கின்றன. ஒப்பந்தத்திலும் விண்ணப்பத்திலும் அவைதான் பொருத்தம். நண்பரிடம் பேசும்போது அவை சற்று விறைப்பாக ஒலிக்கும், அவ்வளவுதான். கேட்டுப் புரிந்துகொள்வதற்கு நூற்றுக்கணக்கில் தேவை. எழுதுவதற்கு நாற்பது ஐம்பது உறுதியாகத் தெரிந்தால் வண்டி ஓடும்.

போன மாதம் புதிய வாடிக்கையாளர் ஒருவர், 11ஆம் தேதி தர வேண்டிய வேலையைப் பற்றி, ‘கேன் வி பிரிங் தி டெலிவரி ஃபார்வர்ட் பை எ வீக்?’ என்று எழுதியிருந்தார். நாட்காட்டி முன்னோக்கித்தானே நகர்கிறது, ஆகவே 18 என்று மனம் உடனே சொல்லிற்று. ஒரு வாரம் கூடுதலாகக் கிடைத்த மகிழ்ச்சியும் வந்துவிட்டது. அந்த மகிழ்ச்சியைக் கண்டுதான் எனக்குப் பயம் வந்தது. ‘4ஆம் தேதி என்று எடுத்துக்கொள்ளவா, 18ஆம் தேதி என்று எடுத்துக்கொள்ளவா?’ என்று கேட்டேன். 4 என்று பதில் வந்தது. ‘பிரிங் ஃபார்வர்ட்’ என்றால் முன்னதாக்குவது. ‘புஷ் பேக்’ என்றால் தள்ளிப்போடுவது. தமிழில் நினைத்திருந்தால், காலத்தில் ‘முன்’ என்றால் முந்தியது என்று நானே சொல்லியிருப்பேன். ஆனால் ‘மூவ் ஃபார்வர்ட்’ என்று வந்திருந்தால் தாய்மொழிக்காரர்களுக்கே குழப்பம்தான்: புதன்கிழமைக் கூட்டத்தை இரண்டு நாள் ‘மூவ்ட் ஃபார்வர்ட்’ என்று சொல்லி எந்தக் கிழமை என்று கேட்ட ஆய்வுகளில், அவர்களே திங்கள் என்றும் வெள்ளி என்றும் இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள்.

அந்த வேலை 4ஆம் தேதியே போய்ச் சேர்ந்தது, பணமும் வந்தது. கூடவே, நான் அனுப்பிய பட்டியலில் பக்க எண்ணிக்கையைக் கூட்டியதில் பிழை இருப்பதாக ஒரு வரியும் வந்தது: ‘சம்திங் டஸின்ட் ஆட் அப் ஹியர்.’ குறிப்பேட்டில் இடப்பக்கம் அதை எழுதிவிட்டு, வலப்பக்கத்துக்குச் சொல் தேடாமலே கை தானாக எழுதியது: எங்கேயோ இடிக்கிறது.